ஒரே பெயர்ப்பலகை, பல அடுப்புகள்

கோலாலம்பூரில் வாழும் தமிழ் முஸ்லிம் தம்பதிக்குச் சீன உணவகம் என்பது நெடுங்காலம் வாசலோடு கடந்து போகிற இடமாகவே இருந்தது. பூண்டும் இஞ்சியும் சட்டியில் விழும் மணம் தெருமுனைவரை வரும். ஆனால் சட்டியில் ஊற்றியிருப்பது பன்றிக்கொழுப்பு. சமைக்க அலுப்பான இரவுகளில் நானும் என் கணவரும் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைக்கோ மலாய்க் கடைக்கோதான் போவோம். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நிலைமை மாறியிருக்கிறது. வெள்ளைத் தொப்பி அணிந்த இளைஞர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று மாவை இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து நூல் நூலாகப் பிரிக்கும் கடைகள் ஊருக்குள் பல வந்துவிட்டன. சீனாவின் வடமேற்கிலிருந்து வந்தவர்கள் நடத்தும் கடைகள் அவை. அவற்றில் சாப்பிடத் தொடங்கிய பிறகு, வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் இருவரும் சீனாவின் ஊர்களுக்கே போய்ச் சாப்பிட்டும் பார்த்தோம். அப்போது எழுந்த கேள்விதான் இக்கட்டுரையின் பொருள்: சீன ஹலால் சமையல் என்று ஒன்று இருக்கிறதா, அல்லது பல சமையல்களை ஒரே பெயரால் அழைக்கிறோமா?

பொதுவாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. சீனச் சமையலிலிருந்து பன்றியையும் மதுவையும் எடுத்துவிட்டால் கிடைப்பது இது என்பது ஒன்று. அரபு, பாரசீக நாட்டுச் சமையல் சீனாவுக்குப் போய் உருமாறியது என்பது மற்றொன்று. இரண்டுமே போதாதவை என்பது என் கருத்து. முதல் பதில் இச்சமையலைக் குறைபாட்டால் அளக்கிறது. இரண்டாவது பதில் ஆயிரம் ஆண்டுகளாக அந்த மண்ணிலேயே பிறந்து வாழ்ந்த மக்களை இன்னமும் விருந்தாளிகளாகவே பார்க்கிறது.

சீன அரசு அங்கீகரித்துள்ள 56 இனங்களில் பத்து இனங்கள் முஸ்லிம்கள் என்று கணக்கிடப்படுகின்றன. அவர்களில் ஹுய் மக்களும் உய்குர் மக்களும் தலா ஒரு கோடிக்கு மேல். உய்குர்கள் துருக்கிய மொழி பேசுகிறவர்கள். பெரும்பாலும் மேற்குக் கோடியான சிஞ்சியாங்கில் வாழ்கிறார்கள். ஹுய் மக்களோ சீனமே பேசுகிறார்கள், நாடு முழுக்கச் சிதறி வாழ்கிறார்கள். தாங், சொங் பேரரசுக் காலங்களில் துறைமுகங்களுக்கு வந்த வணிகர்களும், 13-ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் நடு ஆசியாவிலிருந்து கொண்டுவந்த போர்வீரர்களும் கைவினைஞர்களும் உள்ளூர்ப் பெண்களை மணந்து பெருகிய மக்கள் இவர்கள். 1330-இல் மங்கோலிய அரசவைக்கு ஹு சிஹுய் எழுதிக் கொடுத்த 'யின்ஷான் செங்யாவ்' என்ற உணவு நூலில் ஆட்டிறைச்சிக் குறிப்புகள் நிறைந்திருக்கின்றன. மேற்கு ஆசியச் சாயல் உள்ள பண்டங்களும் இருக்கின்றன. ஆட்டுக்கறி மணக்கும் இந்த வடக்குச் சமையல் அன்றே சீனத்தின் அரச உணவாக இருந்தது.

ஹுய் மக்கள் எந்த ஊரில் வாழ்ந்தார்களோ அந்த ஊரின் தானியம், தண்ணீர், மேய்ச்சல் ஆகியவற்றை வைத்தே சமைத்தார்கள். ஆகவே வாசலில் ஹலால் என்பதற்குரிய 'சிங்சென்' எழுத்துகளைப் பார்த்து உள்ளே நுழைகிறவர், அடுத்து அந்தக் கடைக்காரரின் ஊரைக் கேட்க வேண்டும்.

லான்ஜோவிலிருந்து தொடங்குவோம். மஞ்சள் நதி நகரின் நடுவே ஓடும் கான்சு மாகாணத் தலைநகர் அது. அங்கே மாட்டிறைச்சி நூடுல்ஸ் காலை உணவு. விடியும் முன்பே கடைகள் திறந்துவிடும். பழைய கடைகள் பல பிற்பகலோடு அடைத்துவிடும். 1915-இல் மா பாவ்ட்சி என்ற ஹுய் வணிகர் காவடித் தண்டில் சுமந்து விற்ற நூடுல்ஸிலிருந்து இன்றைய வடிவம் வந்தது என்று நகரம் நம்புகிறது. கிண்ணத்துக்கு ஐந்து இலக்கணம் உண்டு: சாறு தெளிவாக, முள்ளங்கி வெள்ளையாக, மிளகாய் எண்ணெய் சிவப்பாக, கொத்தமல்லியும் பூண்டுத் தழையும் பச்சையாக, நூடுல்ஸ் மஞ்சளாக இருக்க வேண்டும். அந்த மஞ்சளுக்கு முட்டை காரணமில்லை. வறண்ட நிலத்தில் விளையும் ஒரு செடியை எரித்தெடுத்த 'பெங்ஹுய்' என்ற காரச் சாம்பலை மாவில் சேர்த்துப் பிசைவார்கள். அந்தக் காரம் மாவின் பசைத்தன்மையை இறுக்கி, அறுபடாமல் இழுபட வைக்கிறது; நிறத்தையும் மாற்றுகிறது. இன்று பெரும்பாலும் ஆலையில் தயாரித்த பொடிதான். நூடுல்ஸின் பருமனை வாடிக்கையாளரே சொல்ல வேண்டும். மயிரிழை போன்றது முதல் இரண்டு விரல் அகலப் பட்டை வரை ஏறக்குறைய எட்டு வகைகள், முக்கோண வெட்டு உட்பட. என் கணவர் மெல்லிசைப் பிடித்துக்கொண்டார், நான் அகலத்தை. ஒரே சாறு, ஒரே மாவு. ஆனாலும் இரண்டு கிண்ணமும் இரண்டு சுவை. பட்டை நூடுல்ஸில் மாவு முன்னால் நிற்கும், மெல்லிசில் சாறு முன்னால் நிற்கும். ஒருவரே போய்ச் சாப்பிட்டால் இது எளிதில் தெரியாது.

இந்த நூடுல்ஸ் அந்த நகரத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று: 2007-இல் விலைவாசி ஏறியபோது லான்ஜோ நகர நிர்வாகம் சாதாரணக் கடைகளில் ஒரு பெரிய கிண்ணம் இரண்டரை யுவானைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு விதித்தது. நாடு முழுக்க அது விவாதமானது.

ஆனால் சீனாவின் பிற நகரங்களில் லான்ஜோ பெயரைத் தாங்கி நிற்கும் எண்ணற்ற கடைகளை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் லான்ஜோக்காரர்கள் அல்லர். பக்கத்து மாகாணமான சிங்ஹாயின் ஹுவாலோங் மாவட்டத்தவர்கள். மேட்டு நிலம், மழை குறைவு, விளைச்சல் போதாது. 1980-களில் அங்கிருந்து ஓரிரு குடும்பங்கள் தென்கிழக்குக் கடற்கரை நகரங்களுக்குப் போய்க் கடை போட்டன. பின்னால் உறவினர் சென்றனர், அவர்களுக்குப் பின்னால் ஊரே சென்றது. கடைக்குக் கடை குறைந்தது 400 மீட்டர் தூரம் விட வேண்டும் என்று பல நகரங்களில் தமக்குள் ஓர் எழுதாத விதியும் வைத்துக்கொண்டார்கள். அதையொட்டிச் சண்டைகளும் நடந்திருக்கின்றன. அலுவலக ஊழியரும் கட்டடத் தொழிலாளியும் அருகருகே உட்கார்ந்து மலிவாகச் சாப்பிடும் கடைகள் இவை. ஹலால் உணவை நம்பிக்கைக்காக இல்லாமல் பசிக்காகவே உண்கிற கோடிக்கணக்கான சீனர்களை உருவாக்கியதில் இந்த ஏழை மாவட்டத்தின் பங்கு மிகப் பெரிது.

சியான் நகரத்தின் சமையல் வேறு. அங்குள்ள பெரிய பள்ளிவாசலின் இன்றைய அமைப்பு 1392-இல் தொடங்கியது. வளைந்த கூரைகளும் முற்றங்களுமாகச் சீன அரண்மனை போல் இருக்கும்; மினாராவைத் தேடினால் மண்டபம் போன்ற ஒரு கோபுரம்தான் கண்ணில் படும். அதைச் சுற்றியுள்ள சந்துகள்தான் ஹுய் குடியிருப்பு. காலையில் மாட்டிறைச்சி உருண்டைகள் மிதக்கும், மிளகுக் காரம் ஏறிய கொழகொழப்பான சூப். வெளியே சீனர்கள் பன்றியை வைத்துத் தரும் 'ரோஜியாமோ' ரொட்டியில் இங்கே உப்பும் மசாலாவும் ஊறிய மாட்டிறைச்சி. இவற்றுக்கெல்லாம் மேலாக 'யாங்ரோ பாவ்மோ'.

அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட இதைவிடப் பொருத்தமான பண்டத்தை நான் கண்டதில்லை. முதலில் காலிக் கிண்ணமும் கெட்டியான வட்ட ரொட்டிகளும் வரும். பெரும்பகுதி புளிக்காத மாவில் சுட்டவை. அவற்றை வாடிக்கையாளரே கையால் சோயா பயறு அளவுக்குக் கிள்ளிப் போட வேண்டும். அவசரப்பட்டுப் பெரிதாகக் கிள்ளினால் நடுவில் சாறு ஏறாது. அரை மணி நேரம்கூட ஆகும். கையில் வேலை இருக்கிறது, வாய்க்கு வேலை இல்லை; பேசித்தான் ஆக வேண்டும். வீட்டில் தள்ளிப்போட்ட பேச்சுகளை நாங்கள் அந்த மேசையில் பேசி முடித்தோம். பிறகு கிண்ணத்தை எண் வில்லையோடு சமையலறைக்கு எடுத்துப் போவார்கள். சமையல்காரர் ஒவ்வொரு கிண்ணத்தையும் தனித்தனியாகச் சட்டியில் போட்டு, ஆட்டெலும்புச் சாறும் பயற்று மாவுச் சேமியாவும் கறித்துண்டும் சேர்த்துக் கொதிக்க வைத்து, அவரவர் கிண்ணத்திலேயே திருப்பித் தருவார். எவ்வளவு சாறு வேண்டும் என்பதற்கும் பெயர்கள் உண்டு. நடுவே ரொட்டி, சுற்றிலும் சாறு என்றால் 'நீர் சூழ்ந்த கோட்டை'. கூடவே இனிப்புக் காடியில் ஊறிய பூண்டும் மிளகாய் விழுதும். கிளறக் கூடாது, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உண்டு வந்தால் கடைசி வாய்வரை சூடு நிற்கும். 1898-இல் தொடங்கிய லாவ் சுன் ஜியா, 1920-இல் தொடங்கிய தோங் ஷெங் சியாங் ஆகியவை இதற்குப் பெயர்போன கடைகள். சீனாவின் பிற சமையல் மரபுகளில் கழித்துப் பார்த்து யாராவது இந்தப் பண்டத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

கிழக்கே போகப் போக ஹுய் சமையல் நகர நாகரிகத்தோடு கலக்கிறது. பெய்ஜிங்கில் 1903-இல் தெருக்கடையாகத் தொடங்கிய தோங் லாய் ஷுன், நடுவில் புகைபோக்கி வைத்த செம்புப் பாத்திரத்தில் கொதிநீர் ஊற்றி, தாள் போல் சீவிய ஆட்டிறைச்சியை நனைத்தெடுத்து எள் விழுதில் தோய்த்து உண்ணும் முறையைப் புகழ்பெறச் செய்தது. பெய்ஜிங்வாசிகள் தங்கள் சொந்தம் என்று கொண்டாடும் தெருத் தின்பண்டங்கள் பலவற்றைச் செய்து விற்றவர்களும் நியூஜியே வட்டாரத்து ஹுய் மக்களே. நான்ஜிங்கில் ஆட்டின் இடத்தில் வாத்து. மா சியாங் சிங் என்ற 19-ஆம் நூற்றாண்டு ஹுய் உணவகம் வாத்தின் கணையத்தை வைத்துச் செய்யும் வறுவலுக்குப் பெயர் பெற்றது. பல வாத்துகளிலிருந்து சேர்த்தால்தான் ஒரு தட்டு தேறும்.

மறுபடி வடமேற்கே போனால், நிங்சியா, லின்சியா பக்கம் வேகவைத்த ஆட்டிறைச்சியைக் கையால் பிட்டு உப்பும் பூண்டும் சேர்த்து உண்பதே பெருமை. ஆடு நன்றாக இருந்தால் மசாலா எதற்கு என்பது அவர்கள் கட்சி. கல்யாண விருந்தில் ஒன்பது கிண்ணங்களை மூன்று வரிசையாக அடுக்கிச் சதுரமாக வைப்பார்கள். பெருநாளுக்கும் இறந்தவர் நினைவு நாளுக்கும் எண்ணெயில் பொரித்த வட்ட ரொட்டி செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவார்கள்.

சிஞ்சியாங்கைத் தனியே பேச வேண்டும். உய்குர் சமையலைச் 'சீன ஹலால்' என்ற தலைப்பில் அடக்குவதே எனக்கு உறுத்தலாக இருக்கிறது. கைவைத்து இழுத்த லக்மன் நூடுல்ஸின் மேல் ஆட்டிறைச்சி, தக்காளி, குடைமிளகாய். கேரட்டும் கொழுப்பும் மின்னும் போலோ சோறு. களிமண் அடுப்பின் சுவரில் ஒட்டிச் சுட்ட நான். சீரகமும் மிளகாயும் தூவிய கவாப். இதன் உறவுகள் சமர்க்கந்திலும் நடு ஆசியாவின் பிற ஊர்களிலும் இருக்கின்றன. அதே சிஞ்சியாங்கின் நெடுஞ்சாலைக் கடைகளில் 1980-களை ஒட்டிப் பிறந்த 'தா பான் ஜி' இன்னொரு வகை. கோழி, உருளைக்கிழங்கு, காய்ந்த மிளகாய், சிச்சுவான் மிளகு எல்லாம் சேர்ந்த பெரிய தட்டு. பாதி தீர்ந்ததும் மீதி ஆணத்தில் பட்டை நூடுல்ஸைக் கொட்டுவார்கள். லாரி ஓட்டுநர்களுக்காக, குடியேறிகளும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து உருவாக்கிய உணவு அது. இருவருக்குச் சின்னத் தட்டே மிஞ்சும்.

இந்த உணவைப் பற்றி எழுதும்போது அதைச் சமைத்த மக்களுக்கு நேர்ந்ததை விட்டுவிட முடியாது. 2017-லிருந்து உய்குர்களைப் பெருந்திரளாக முகாம்களில் அடைத்ததைப் பற்றி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்ட் 31 அன்று வெளியிட்ட அறிக்கை, மனித குலத்துக்கு எதிரான குற்றங்களாக அது அமையக்கூடும் என்றது. 2018 அக்டோபரில் சிஞ்சியாங்கின் தலைநகர் உரும்சியில் 'ஹலால் பரவல்' எதிர்ப்பு இயக்கம் தொடங்கியது. 2019-இல் பெய்ஜிங்கின் ஹலால் கடைகளில் அரபு எழுத்துகளையும் பிறைச் சின்னங்களையும் நீக்கச் சொன்னார்கள். சீனச் சுற்றுலா விளம்பரங்களில் கவாபின் புகை இன்னும் எழுகிறது. இஸ்தான்புல்லிலும் மியூனிக்கிலும் கடை வைத்திருக்கும் உய்குர்களில் பலர் ஊருக்குத் திரும்ப முடியாதவர்கள். சாப்பிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு சாப்பிட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

தென்மேற்கே உள்ள யுன்னானைப் பற்றித்தான் வெளியே மிகக் குறைவாகத் தெரியும். அதுவே அதிகம் பேசப்படத் தகுந்தது. 1274 முதல் 1279 வரை புகாராவைச் சேர்ந்த சையது அஜல் ஷம்சுத்தீன் மங்கோலியர் சார்பில் அங்கே ஆளுநராக இருந்தார். அவரோடும் அவருக்குப் பின்னும் குடியேறிய முஸ்லிம்கள் மலைப்பாதைகளில் கோவேறு கழுதை வணிகம் செய்தார்கள். நாள்கணக்கில் நடக்கிறவர்களுக்குக் கெடாத கறி வேண்டும். மாட்டிறைச்சியில் உப்பைத் தேய்த்துப் பிசைந்து, பதப்படுத்தி, காற்றில் உலர்த்திய 'நியூ கன்பா' அப்படி வந்தது. நம் உப்புக்கண்டம்தான், மெல்லிசாகச் சீவி எண்ணெயில் பொரித்துக் காய்ந்த மிளகாயோடு தருகிறார்கள். ஆட்டுப்பாலில் செய்த வெண்ணிறப் பாலாடைக்கட்டியை வறுத்துத் தருவதும், அரிசி நூடுல்ஸும், புதினாவும் அங்கே உண்டு. வடமேற்கின் கோதுமை இங்கே அரிசியாகிறது, சீரகத்தின் இடத்தில் தழைகள் வருகின்றன.

1856-இல் தூ வென்சியூ தலைமையில் எழுந்த யுன்னான் முஸ்லிம்களின் கிளர்ச்சி 1873-இல் பெரும் படுகொலையோடு நசுக்கப்பட்டது. தப்பியவர்கள் பர்மாவுக்கும் வட தாய்லாந்துக்கும் போனார்கள். சியாங் மாயில் பான் ஹாவ் பள்ளிவாசலுக்கு எதிரே வெள்ளிக்கிழமை காலைகளில் யுன்னானியர் சந்தை கூடுகிறது. அங்கே அதே உலர்ந்த மாட்டிறைச்சி தொங்கும். தாய்லாந்தின் புகழ்பெற்ற 'காவ் சொய்' நூடுல்ஸும் இவர்கள் வழியாக வந்தது என்றே பலரும் கருதுகிறார்கள். இன்னொரு நினைவும் யுன்னானுக்கு உண்டு. கலாச்சாரப் புரட்சியில் பள்ளிவாசல்கள் மூடப்பட்டு, முஸ்லிம்களைப் பன்றி வளர்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்திய காலத்தில் ஷாதியன் என்ற ஊர் எதிர்த்து நின்றது. 1975 ஜூலையில் ராணுவம் தாக்கியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஊர்க்காரர்களிடம் போய் உங்கள் சமையல் ஏதோ ஒன்றைக் கழித்துப் பெற்றது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

தென்கிழக்குக் கடற்கரையில் கதை திசைமாறுகிறது. சுவான்ஜோவில் 1009-இல் கட்டிய பள்ளிவாசலின் கற்சுவர்கள் இன்றும் நிற்கின்றன. 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும், சிவன் கோயில் சிற்பத் துண்டுகளும் அதே ஊரில் கிடைத்தவை. தமிழ் வணிகரும் அரபு வணிகரும் ஒரே துறைமுகத்தில் கடைவிரித்திருந்த காலம் அது. ஆனால் சுவான்ஜோ அருகே சென்தாய் ஊரில் வாழும் தின் குலத்தார், முஸ்லிம் முன்னோரின் வழிவந்தவர்கள் என்று ஹுய் இனமாகப் பதிவு பெற்றவர்கள், அன்றாடம் பன்றி இறைச்சி உண்கிறார்கள். முன்னோருக்குப் படைக்கும்போது மட்டும் அதை வைப்பதில்லை. இனமும் மார்க்கமும் அடுப்பும் ஒரே கோட்டில் போக வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. யுன்னானில் பிறந்த முஸ்லிம் கடற்படைத் தளபதி செங் ஹோ 1409-ஆம் ஆண்டு தேதியிட்டுக் காலியில் நாட்டிய கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருப்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். கொழும்பு அருங்காட்சியகத்தில் அந்தக் கல் இருக்கிறது.

அப்படியானால் மலேசியாவில் சீன முஸ்லிம்கள் நடத்தும் கடைகள்? மார்க்கத்துக்கு வந்த கான்டனீயரும் ஹொக்கியனியரும் தம் குடும்பப் பண்டங்களைக் கோழியையும் மாட்டையும் வைத்துச் செய்கிறார்கள். கழித்துப் பெற்ற சமையல் என்று சொல்லத் தகுந்தது இதுதான். சுவையில் வடமேற்குக் கடைகளின் ஆழம் இதில் குறைவு என்பது என் அனுபவம். ஆனால் தாய் சமைத்ததைத் தான் உண்ணக்கூடிய வடிவில் மீட்டெடுக்கும் முயற்சி அது. நம் மாமாக் கடையின் மீ கோரெங் என்ன? சீனர் பிழிந்த மஞ்சள் நூடுல்ஸைத் தமிழ் முஸ்லிம்கள் எடுத்து, மிளகாய்ச் சாந்தும் உருளைக்கிழங்கும் போட்டுத் தம்முடையதாக்கியது. இன்னும் இரண்டு தலைமுறை போனால் அந்தக் கான்டனீயச் சட்டியும் தனக்கென்று ஒரு சுவையைக் கண்டுவிடும்.

நம்பகம் பற்றிய கேள்வி மிச்சமிருக்கிறது. மலேசியாவில் அரசின் ஹலால் சான்றான ஜாகிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சீனாவில் நாடு முழுமைக்குமான ஹலால் சட்டம் இல்லை. மாகாணங்களும் நகரங்களும் தனித்தனி விதிகள் வைத்திருக்கின்றன. ஓதி அறுத்த இறைச்சி என்பதில் ஹுய் கடைகள் பொதுவாகக் கண்டிப்பானவை. மதுவில் அப்படி ஒருமித்த நடைமுறை இல்லை: பெருநகரங்களின் புகழ்பெற்ற ஹலால் உணவகங்கள் பலவற்றில் பீர் விற்கிறார்கள், சிங்ஹாய், லின்சியாக்காரர்களின் சிறு கடைகளில் மதுவும் புகையும் கூடாது என்று சுவரிலேயே எழுதியிருக்கும். நாங்கள் இரண்டாவது வகையைத் தேடிப் போகிறோம். சமையல் மது சேர்ப்பதுண்டா என்பதை மட்டும் கேட்டுவிடுவது நல்லது. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சீன விருந்து பத்துப் பேர் சூழ்ந்த வட்ட மேசைக்கு அமைந்தது. இருவர் போனால் இரண்டு தட்டோடு வயிறு நிறைந்து, மற்றதெல்லாம் பார்க்காமலே திரும்ப வேண்டிவரும். வடமேற்கு ஹலால் கடைகளில் அந்தச் சங்கடம் இல்லை. ஆளுக்கொரு கிண்ணம், வேறு வேறு பருமனில். நடுவில் குளிர்ந்த மாட்டிறைச்சிச் சீவல் ஒரு தட்டு, காடியும் பூண்டும் சேர்த்த வெள்ளரிக்காய் ஒரு தட்டு, பசி மிஞ்சியிருந்தால் நான்கு கவாப். லின்சியாக்காரர் கடையாக இருந்தால் மூடிபோட்ட கிண்ணத்தில் பேரீச்சை போன்ற சிவப்பு இலந்தை, உலர்ந்த லோங்கன், கற்கண்டு எல்லாம் போட்ட தேநீர் கிடைக்கும். கிண்ணம் காலியாகக் காலியாக வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்; மூன்றாவது முறை ஊற்றும்போதுதான் கற்கண்டு முழுதாகக் கரைந்து இனிப்பு சரியாக இறங்கியிருக்கும்.